பறவைக்குக் கலர் தெரியுமா

ரோஷன் பேகம் டீச்சர் பஸ்ஸை விட்டு இறங்கியபோது பள்ளிக்கூட வாசலில் ஒரு பிள்ளையைக் காணோம். திங்கட்கிழமை காலையில் அப்படி இருக்கவே இருக்காது. விருதுநகர் பஸ் ஆமத்தூரைத் தாண்டி ஊருக்குள் வளையும்போதே நாலைந்து பேர் கேட்டில் தொங்கிக்கொண்டு நிற்பார்கள். டீச்சர் பையை யார் வாங்குவது என்று தினமும் ஒரு சண்டை நடக்கும். பைக்குள் மத்தியானச் சோறும் திருத்தாத நோட்டுகளும் தவிர வேறொன்றும் இல்லை என்று தெரிந்தும் நடக்கும். இன்று கேட் திறந்தபடி கிடந்தது. பிள்ளைகள் அத்தனை பேரும் கட்டடத்துக்குப் பின்னால் சுற்றுச்சுவர் ஓரமாக நின்றார்கள். ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் இருபத்துமூன்று பேர் ஒரே இடத்தில் வாயை மூடிக்கொண்டு நிற்பதை அவள் தன் பதினோரு வருட வேலையில் பார்த்ததில்லை.

சுவருக்குக் கீழே பறவைகள் கிடந்தன. மைனா ஆறு, மணிப்புறா நாலு, தவிட்டுக்குருவி மூன்று. அவளை அறியாமலே எண்ணிவிட்டாள். பார்த்ததும் எண்ணு, எண்ணியதும் எழுது என்று மூன்று மாதமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லி அந்தப் பழக்கம் அவளுக்கே ஒட்டிக்கொண்டிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம், வேலிக்கருவைப் புதருக்குள், ஒரு பெண்மயில் கழுத்தை மடித்துப் போட்டுக் கிடந்தது. எறும்பு மொய்க்கத் தொடங்கியிருந்தது.

சுவர் மேல் வரிசையாக நாலு ஓடுகள். ஒவ்வொன்றிலும் வெள்ளிக்கிழமை சாயங்காலம் உடைத்த மக்காச்சோளம் வைத்திருந்தார்கள். முதல் மூன்று ஓடுகளிலும் வைத்தது பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. நாலாவது ஓட்டில் ஒரு குருணை மிச்சமில்லை. அவள் குனிந்து ஒரு புறாவின் அலகைப் பார்த்தாள். ஓரத்தில் ரோஸ் நிறத்தில் பொடி ஒட்டியிருந்தது. பிள்ளைகளை வகுப்புக்குப் போகச் சொன்னாள். குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

இந்தப் பறவைப் பாடம் ஆடி மாதம் ஆரம்பித்தது. சூலக்கரையில் ஆசிரியர்களுக்கு இரண்டு நாள் பயிற்சி என்று கூப்பிட்டிருந்தார்கள். பயிற்சி என்றால் கையெழுத்து, டீ, வடை, மறுபடியும் கையெழுத்து என்றுதான் எல்லாருக்கும் கணக்கு. ரோஷன் பேகமும் அப்படி நினைத்துத்தான் போனாள். ஆனால் அங்கே பேசியவர் பறவைகளின் பெயரைச் சொல்லிக்கொடுக்காதீர்கள் என்று ஆரம்பித்தார். பெயர் புத்தகத்தில் இருக்கிறது, பிள்ளைகளைப் பார்க்க விடுங்கள், பார்த்ததிலிருந்து ஒரு கேள்வி கேட்க விடுங்கள், பதிலை நீங்கள் சொல்லாதீர்கள், அவர்களே தேடட்டும் என்றார். அறிவியல் என்றால் அவ்வளவுதானாம். அவ்வளவுதானா என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. பி.எட். படித்தபோது இதை ஒருவரும் சொல்லவில்லை.

ஊருக்குத் திரும்பி, பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு நோட்டுப் போட்டாள். பக்கத்துக்கு நாலு கட்டம்: பார்த்தது, கேட்டது, நினைத்தது, தெரிந்துகொள்ள வழி. ஒரே ஒரு கண்டிப்பு மட்டும் வைத்தாள். ரப்பர் கூடாது. நினைத்தது தப்பென்று தெரிந்தால் ஸ்கேல் வைத்து ஒற்றைக் கோடு போட்டுவிட்டுக் கீழே எழுது. முன்னே என்ன நினைத்தாய் என்பதும் தெரிய வேண்டும். முதல் மாதம் வந்த கேள்விகளைப் பார்த்து அவள் வீட்டில் உட்கார்ந்து சிரித்திருக்கிறாள். கரிச்சான் ஏன் எருமை மேல் ஏறிப் போகிறது, அதற்கு நடக்கத் தெரியாதா? காக்காவுக்குத் தலைமையாசிரியரைத் தெரியுமா? இந்த இரண்டாவது கேள்விக்கு நாலு நாளில் பதில் கிடைத்தது. தெரியும். முன்னொரு நாள் அவர் கூட்டைக் கலைத்திருந்தார். அவர் தலையைக் கண்டால் மட்டும்தான் அவை தாழ்ந்து வந்தன.

தீபாவளிக்கும் எண்ணினார்கள். சுற்றிலும் பட்டாசுக் கம்பெனிகள் இருக்கிற ஊர். வகுப்பில் பாதிப் பேரின் அம்மாக்கள் அங்கேதான் வேலை பார்க்கிறார்கள். பண்டிகைக்கு முந்தின நாள் சுவருக்கு வந்தவை முப்பத்தொன்று. மறுநாள் ஒன்பது. நாலாம் நாள் இருபத்தேழு. போனவை திரும்பி வந்ததை யாரும் சொல்லிக்கொடுக்காமல் பிள்ளைகளே எண்ணிக் கண்டுபிடித்தார்கள்.

கலரைப் பற்றிக் கேட்டவள் மாரிசெல்வி. கணக்கில் அவள் ரொம்ப சுமார். கையெழுத்து கோழி கிளறியது மாதிரி இருக்கும். ஆனால் ஒன்றைப் பார்த்தால் அதை விடமாட்டாள். அவள் அப்பா ஜெயபாண்டிக்கு ஊருக்கு மேற்கே மூன்று ஏக்கர் கரிசல். ஐப்பசி மழையை நம்பி மக்காச்சோளம் போடுகிற சம்சாரி. பறவைக்குக் கலர் தெரியுமா டீச்சர், இல்ல எல்லாம் கறுப்பு வெள்ளையாத்தான் தெரியுமா என்று அவள் கேட்டபோது ரோஷன் பேகத்துக்குப் பதில் தெரிந்திருந்தது. சொல்லவில்லை. எப்படித் தெரிந்துகொள்ளலாம் என்று திருப்பிக் கேட்டாள். மாரிசெல்வி ஒரு நாள் முழுக்க யோசித்து வந்தாள். இரை ஒன்றாக இருக்க வேண்டும், ஓடு ஒன்றாக இருக்க வேண்டும், அளவு ஒன்றாக இருக்க வேண்டும், கலர் மட்டும் மாற வேண்டும். பன்னிரண்டு வயதுப் பிள்ளை அதைச் சொன்னபோது டீச்சருக்கு உடம்பு சிலிர்த்தது. அன்றைக்கு வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் அவள் யாரோடும் பேசவில்லை, அந்தச் சந்தோஷத்தைக் கலைக்க மனமில்லை.

ஒரு ஓட்டில் சும்மா மக்காச்சோளம். ஒன்றில் மஞ்சள் தடவியது. ஒன்றில் முருங்கைக் கீரைச் சாற்றில் ஊறப்போட்டுக் காயவைத்தது. சிவப்புக்கு பீட்ரூட் சாறு வைத்துப் பார்த்தார்கள், வெளிறிப்போனது. அதற்கு மாரிசெல்விதான் வழி கண்டுபிடித்தாள். வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒரு பாலித்தீன் பை நிறைய ரோஸ் நிற மக்காச்சோளத்தை நச்சி உடைத்துக் கொண்டுவந்து நீட்டினாள். வீட்டில் மிச்சம் கிடந்தது, ஏற்கெனவே கலர் போட்டது, தண்ணீர் பட்டாலும் போகாது என்றாள்.

ரோஷன் பேகம் தானியக்கடைக்காரர் வீட்டுப் பெண். விருதுநகரில் அவளுடைய அத்தா முகம்மது நூகு நாற்பது வருடம் பருப்பும் தானியமும் வியாபாரம் செய்தவர். கண்ணை மூடிக்கொண்டு கடித்துப் பார்த்தே இது எந்தப் பக்கத்து உளுந்து என்று சொல்லிவிடுவாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு. ஆனால் கடைக்கு வருவதெல்லாம் தின்கிற தானியம். விதைக்கிற தானியம் அந்தக் கடைவாசலை மிதித்ததில்லை. ரோஸ் சோளத்தைக் கையில் அள்ளிப் பார்த்தாள். லேசாக ஒரு மருந்து நெடி அடித்தது. இந்த ஊரில் எதில்தான் நெடி இல்லை? பிள்ளைகளின் அட்டை போட்ட நோட்டில் அச்சாபீஸ் மை நெடி, சட்டையில் கம்பெனி நெடி. ஏதோ ஒரு கம்பெனிச் சாயம் என்று நினைத்துக்கொண்டாள். எம்புட்டு சீரா கலர் ஏறியிருக்கு பாருங்க என்று வகுப்புக்கே அதைத் தூக்கிக் காட்டிப் பாராட்டினாள். மாரிசெல்விக்கு வெட்கத்தில் முகம் கீழே போனது.

இப்போது வராந்தாவில் நின்று கடையிலிருந்த தம்பி சாபிருக்குப் போன் போட்டாள். ரோஸ் கலர் மக்காச்சோளம் என்று சொல்லி வாய் மூடவில்லை, அவன் சொல்லிவிட்டான்.

"அது விதைக்கு உள்ளதுக்கா. மருந்துல பெரட்டுனது. திங்கக் கூடாதுன்னு தெரியத்தான் அந்தக் கலரே போடுறாங்க. நீ எதுவும் தொட்டியா?"

தொட்டேன் என்று சொல்லவில்லை. போனை வைத்தாள். மனிதர்களுக்குத் தெரியட்டும் என்று போட்ட கலர். சம்சாரி வீட்டுப் பிள்ளைக்கு அது மிச்ச விதை. கடைக்காரர் வீட்டு டீச்சருக்கு அது நல்ல கலர். கேள்வி கேட்கச் சொல்லிக்கொடுத்தவள், இது என்ன கலர், எங்கே போட்டது என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. அதை நினைக்க நினைக்க அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

தலைமையாசிரியர் பாண்டிச்செல்வம் வந்து மைனாக்களைப் பார்த்து ச்சூ கொட்டினார். சுவரை எட்டி மயிலைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது. அவள் நடந்ததைச் சொன்னாள், ஒன்றையும் மறைக்கவில்லை. அவர் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டார். மயில் செத்தால் கேஸ் என்றார். பக்கத்து ஊரில் போன வருடம் ஒரு சம்சாரி மக்காச்சோளத்தில் மருந்து கலந்து வைத்துப் பதினைந்து நாள் உள்ளே இருந்துவிட்டு வந்தான். ஜெயபாண்டி மயில் விதையைக் கொத்துகிறது என்று டீக்கடையில் வைத்துக் கத்தியதை ஊரே கேட்டிருக்கிறது. அவன் வீட்டு விதை, அவன் மகள் கை, பள்ளிக்கூடத்துச் சுவர். ஏழாம் வகுப்புப் பிள்ளை பாடத்துக்காக வைத்தாள் என்றால் எவன் நம்புவான்?

"வெடிச் சத்தத்துல செத்துச்சுன்னு சொல்லிருங்க டீச்சர். இந்த ஊர்ல அதச் சொன்னா யாரும் மேல கேக்க மாட்டாக. ஒரு குடும்பத்த உள்ள தள்ளிறாதீக."

அவரைக் கெட்டவர் என்று சொல்ல அவளுக்கு நாக்கு வரவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவரே மண்வெட்டியை எடுத்துக் குழி வெட்டினார். மயிலைத் தூக்கும்போது அதன் தலை அவர் முழங்கை மேல் சாய்ந்து ஆடியது. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வகுப்பில் அவள் அதையே சொன்னாள். வெடிச் சத்தமாக இருக்கலாம், புகையாக இருக்கலாம். இருக்கலாம் என்ற சொல்லை ஒட்டவைத்ததில் பொய் கொஞ்சம் குறைந்துவிடும் என்று நினைத்தாள் போலிருக்கிறது. பிள்ளைகள் தலையாட்டினார்கள். மாரிசெல்வி எழுந்து நின்றாள். நோட்டைத் திறந்து வைத்திருந்தாள். தீபாவளி முடிந்து கம்பெனி எல்லாம் பூட்டிக் கிடக்கிறது, சனி ஞாயிறு எங்கேயும் வெடிக்கவில்லை என்றாள். தீபாவளி அன்றைக்கு அவ்வளவு வெடித்தபோது பறவைகள் பறந்துதான் போயின, ஒன்றுகூடச் சாகவில்லை, எண்ணிக்கை இருக்கிறது என்று பக்கத்தைக் காட்டினாள். அப்படியென்றால் வெடி இல்லை, வேறு ஏதோ. அவள் சொன்னதில் ஒரு ஓட்டை கிடையாது. எந்தப் பயிற்சியிலும் இதைவிட நன்றாக ஒருத்தரும் சொல்லியிருக்க முடியாது.

"சரி, உக்காரு" என்றாள் ரோஷன் பேகம். அந்தப் பிள்ளை எழுந்து பேசும்போது உட்காரச் சொன்னது அதுதான் முதல் தடவை.

மத்தியானம் சத்துணவு வாங்கி வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மாரிசெல்வி சாம்பார் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள். அந்த விரல்களைப் பார்த்ததும் டீச்சருக்குச் சுரீரென்றது. நச்சிக் கொண்டுவந்தேன் என்றாளே, எதில் நச்சினாள்? வீட்டு அம்மியிலா? சனிக்கிழமை அந்த அம்மியில் துவையல் அரைத்திருப்பார்களே. தெரியாதது போல இருந்துவிடலாம் என்று காலையிலிருந்து கட்டிவைத்ததெல்லாம் அந்த நிமிடத்தில் போயிற்று. அவளை வராந்தாக் கோடிக்குக் கூப்பிட்டாள்.

"அந்தச் சோளத்த எங்கன வச்சு நச்சுன?"

"கெணத்து மேட்டுக் கல்லுல டீச்சர்."

"வீட்டு அம்மில இல்லையே?"

"இல்ல."

"கைய சோப்பு போட்டுக் கழுவுனியா?"

மாரிசெல்வி நிமிர்ந்தாள். டீச்சரின் முகத்தையே பார்த்தாள். ஒருத்தர் கேள்வி கேட்கிறார் என்றால் மனசில் ஏற்கெனவே ஒரு ஊகம் இருக்கிறது என்று இதே வராந்தாவில் வைத்துத்தான் ரோஷன் பேகம் சொல்லிக்கொடுத்திருந்தாள். அந்தப் பிள்ளை மூன்று கேள்விகளையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துப் பார்ப்பது அவள் கண்ணிலேயே தெரிந்தது. தடுக்க ஒரு வழியும் இல்லை. சோறு பிசைந்த கையை அவள் தன் உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டாள்.

"வெடின்னு சொன்னீகளே டீச்சர்."

ரோஷன் பேகம் அவளைக் குழாயடிக்குக் கூட்டிப்போய் இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டாள். கழுவிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். விதை மருந்தைச் சொன்னாள். தப்பு தன்னுடையது, கையில் வாங்கிப் பார்த்தும் கேட்காமல் விட்டது தான் என்று சொன்னாள். அப்பாவுக்கு வரக்கூடிய கேஸைச் சொன்னாள், அதனால்தான் வெடி என்று சொன்னதாகவும், அவளும் வெளியே சொல்லக் கூடாது என்றும் சொன்னாள். சொல்லும்போதே ஒரு சின்னப் பிள்ளையின் தலையில் எவ்வளவு பெரிய சுமையை ஏற்றுகிறோம் என்று அவளுக்குத் தெரிந்தது. வேறு எங்கே இறக்கிவைப்பது என்று தெரியவில்லை.

மாரிசெல்வி அழவில்லை.

"ரெண்டு நாளு லீவு, பசிக்குமேன்னு எல்லாரும் போனப்புறம் திரும்பி வந்து ரெண்டு கை கூட வச்சேன் டீச்சர்."

ரோஷன் பேகம் குழாயை மூடினாள். பிறகு இன்னொருமுறை திருகி இறுக்கமாக மூடினாள். அவளுடைய கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. முந்தானையால் அந்தப் பிள்ளையின் கையைத் துடைத்துவிட்டாள்.

மறுநாள் நோட்டுகளைத் திருத்த உட்கார்ந்தாள். மாரிசெல்வியின் பக்கத்தில், தீபாவளிக்கு ஒன்றும் சாகவில்லை, கம்பெனி பூட்டியிருந்தது என்று எழுதியிருந்த இரண்டு வரிகளின் மேலும் ஸ்கேல் வைத்து ஒற்றைக் கோடு போட்டிருந்தது. கீழே அந்தக் கோழி கிளறிய எழுத்தில், ஆனால் ஒவ்வொரு எழுத்தாக நிதானித்து, வெடிச் சத்தத்தால் இறந்தன என்று எழுதியிருந்தாள். தெரிந்துகொள்ள வழி என்ற கட்டத்தில் ஒன்றும் இல்லை. மற்ற இருபத்திரண்டு நோட்டிலும் அதேதான் இருந்தது. எல்லாவற்றுக்கும் போட்டது போலவே இதற்கும் சரி போட்டுக் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. போட்டாள். அந்த நோட்டை மட்டும் மூடாமல் வெகுநேரம் வைத்திருந்தாள்.

ஓடுகளைச் சோடா உப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினார்கள். பாண்டிச்செல்வம் போதும் டீச்சர் இந்தப் பறவை சமாச்சாரம் என்று சொல்லிப் பார்த்தார். அவள் கேட்கவில்லை. விட்டுவிட்டால் அந்தப் பிள்ளைக்கு அந்தத் திங்கட்கிழமை மட்டும்தான் மிஞ்சும் என்று தோன்றியது. தன் வீட்டுக் கடைக் கம்பை ஒரு கிலோ கொண்டுவந்தாள். இது எங்கள் வீட்டில் கூழ் காய்ச்சுகிற கம்பு என்று சொல்லி, பிள்ளைகள் எல்லாரும் பார்க்க ஒரு கை அள்ளி வாயில் போட்டு மென்று விழுங்கினாள். பையன்கள் சிரித்தார்கள். மாரிசெல்வி அவள் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கேள்வி கேட்பதை மாரிசெல்வி நிறுத்திவிட்டாள். கூப்பிட்டால் எழுந்து நிற்பாள், தெரியாது டீச்சர் என்று சொல்லி உட்கார்ந்துவிடுவாள். மரியாதைக் குறைவாக ஒன்றும் இல்லை. முன்பெல்லாம் நோட்டைக் கொடுக்கும்போது திரும்பத் திரும்ப ஏதாவது தொணதொணத்துக்கொண்டு மேசையை விட்டு நகரமாட்டாள்; இப்போது வைத்துவிட்டுப் போய்விடுகிறாள். இந்த அமைதிக்காக மற்ற டீச்சர்கள் அவளைப் பாராட்டினார்கள்.

இரண்டு வாரம் சுவருக்கு ஒன்றும் வரவில்லை. தினமும் காலையில் இருபது நிமிடம் உட்கார்ந்து, இருபத்துமூன்று பேரும் பூஜ்யம் என்று எழுதிவிட்டு எழுந்தார்கள். மூன்றாம் வாரம், மழை பெய்து விட்டிருந்த ஒரு வியாழக்கிழமை, மின்கம்பியிலிருந்து ஒரு மைனா இறங்கிச் சுவரின் கோடியில் உட்கார்ந்தது. பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். அது தலையைச் சாய்த்துப் பார்த்தது. இரண்டு எட்டு வைத்தது. நின்றது. மறுபடியும் இரண்டு எட்டு. முதல் ஓட்டுக்கு அரை முழம் இருந்தது. ரோஷன் பேகம் தன்னை மறந்து, தின்னு, தின்னு என்று உதட்டுக்குள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மாரிசெல்வி எழுந்து இரண்டு கையையும் ஓங்கித் தட்டினாள். மைனா விருட்டென்று பறந்து கம்பிக்குப் போய்விட்டது.

பையன்கள் கத்தினார்கள். ஒருத்தன் அவள் பாவாடையைப் பிடித்து இழுத்து உட்காரச் சொன்னான். அவள் அவனை உதறிவிட்டுச் சுவரடிக்கே போய் நின்றுகொண்டாள்.

"மாரி, அது நல்ல கம்பும்மா. நாந்தான் தின்னு காட்டுனேன்ல."

அவள் திரும்பவில்லை. கம்பியிலிருந்த மைனா கீழே பார்த்து இறக்கையைக் கோதியது, போகிற எண்ணமில்லாமல் உட்கார்ந்திருந்தது. நோட்டை மடியில் விரித்து வைத்திருந்த பிள்ளைகள், வந்தது ஒன்று என்று எழுதுவதா வேண்டாமா என்று டீச்சரைப் பார்த்தார்கள். மாரிசெல்வி ஓடுகளுக்கு முன்னால் கால்களை அகட்டி வைத்து, இரண்டு உள்ளங்கைகளையும் நெஞ்சுக்கு நேராக ஒரு சாண் இடைவெளியில் தூக்கிப் பிடித்தபடி, கம்பியைப் பார்த்து நின்றுகொண்டிருந்தாள்.